செஞ்சி வட்டார வேளாண்மையில் பாலிஎதிலீன்: செயலாக்கமும் மூப்பும் இயந்திரப் பண்புகளும்

செஞ்சியை அடுத்த வல்லம் ஒன்றியச் சிற்றூர்களில் மல்லாட்டை என வழங்கும் நிலக்கடலையைக் காயவைக்கும் தார்ப்பாயும், கிணற்று நீரை வயலுக்குக் கொண்டுசெல்லும் கருங்குழாயும் பெரும்பாலும் பாலிஎதிலீன் என்னும் பலபடியால் ஆனவை. வாங்கியபோது வளைந்துகொடுத்த குழாய் சில கோடைகளுக்குப் பின் விறைத்து வெடிப்பதையும், தார்ப்பாய் மடிப்புகளில் பொடிந்து உதிர்வதையும் உழவர் நன்கறிவர். இவ்விழப்பை வெயிலின்மீது மட்டுமே சுமத்துவது பொருந்தாது.

தூய பாலிஎதிலீன் சங்கிலியில் கார்பனும் ஹைட்ரஜனுமே உள்ளன. நிலத்தை வந்தடையும் சூரிய ஒளியில் 290 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளங்களே மிகுதி; அவற்றை அச்சங்கிலி ஏறத்தாழ உட்கவர்வதில்லை. எனினும் அது சிதைகிறது. காரணம் ஆலையில் தொடங்குகிறது. உருகுநிலையாகிய சுமார் 130 பாகைக்கு மேல், ஏறத்தாழ 200 பாகை செல்சியசில் பிதுக்கும்போது வெப்பமும் சறுக்கு விசையும் சில சங்கிலிகளை அறுக்கின்றன. அங்குத் தோன்றும் தனி உறுப்புகள் ஆக்சிஜனுடன் சேர்ந்து ஹைட்ரோபெராக்சைடு, கார்பனைல் தொகுதிகளை உண்டாக்குகின்றன. புற ஊதாக் கதிரை உட்கவர்பவை இவையே. ஆகவே செயலாக்கமே மூப்பின் வித்தை இடுகிறது எனலாம்.

மூப்பின் இயந்திர விளைவு சற்று முரணாகத் தோன்றும். ஆக்சிஜன் எளிதில் ஊடுருவுவது படிகமற்ற பகுதிகளில்தான். படிகங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் சங்கிலிகள் அங்கேயே அறுகின்றன. அறுந்த குறுஞ்சங்கிலிகள் மீண்டும் படிகமாக அடுக்கப்படுவதால் அடர்த்தியும் விறைப்பும் கூடுகின்றன. இழுவலிமை பெரிதும் குறையாத நிலையிலேயே முறிவு நீட்சி சரிந்துவிடுகிறது. எனவே மூப்பை முதலில் காட்டுவது முறிவு நீட்சியே; அது தொடக்க அளவில் பாதியாகக் குறைவதைப் பயன்பாட்டு ஆயுளின் எல்லையாகக் கொள்வது வழக்கம். தார்ப்பாய் இழைகள் நீளவாக்கில் பன்மடங்கு இழுக்கப்பட்டு வலிமை பெற்றவை; அதற்கு விலையாக நீட்சியில் ஒரு பகுதியை முன்னரே இழந்தவை. மடிப்பு முதலில் முறிவது இதனால் வியப்பன்று.

குழாயின் கருநிறம் அழகுக்காக அன்று. குடிநீருக்கான உயரடர்த்திப் பாலிஎதிலீன் குழாய்களுக்குரிய இந்தியத் தரம் 4984, கார்பன் கரியின் அளவை 2.5 விழுக்காட்டை ஒட்டி வரையறுக்கிறது. நுண்ணியதாகப் பரவிய கரி கதிரைத் தடுக்கும். திரண்டு நிற்கும் கரியோ விரிசலின் தொடக்கப்புள்ளியாகும். மறுசுழற்சிக் குழாயில் சிக்கல் பெரிது. முந்தைய வார்ப்பிலும் பயன்பாட்டிலும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் தீர்ந்திருக்கும். கார்பனைல் தொகுதிகள் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். புதிய தடுப்பான் சேர்க்காமல் கரியை மட்டும் கலந்தால் நல்ல குழாய்க்கும் அதற்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. புதிய குழாயின் இழுவலிமையை மட்டும் அளக்கும் சோதனையும் இதைத் தவறவிடக்கூடும். விரைவு மூப்புக்கு உட்படுத்திய பின் முறிவு நீட்சியை அளப்பதே தக்கது.

உதிர்ந்த துணுக்குகள் உழவில் மண்ணுக்குள் புதைந்தால் ஒளி அவற்றை அடைவதில்லை. அப்போது சிதைவின் வேகம் வெகுவாகக் குறைந்து, நிலக்கடலை காய்க்கும் மண்ணடுக்கிலேயே அவை நெடுங்காலம் தங்கிவிடுகின்றன.