உங்களுக்குத் தெரியுமா? காரின் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தாலும் புகைச் சான்று கிடைக்கலாம்!

கோவில்பட்டியானாலும் சென்னையானாலும், நம் ஊர் புகைப் பரிசோதனைக் கருவி காரின் கணினியைப் படிப்பதில்லை. பெட்ரோல் வண்டியானால் சைலன்சருக்குள் குழாயைச் செருகி கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் அளக்கிறார்கள். டீசலானால் புகையின் அடர்த்தி. அவ்வளவுதான்!

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கதையே வேறு. 2000-க்குப் பிறகு வந்த பெட்ரோல் கார்களில் எஞ்சின் விளக்கு எரிந்தால் தேர்ச்சி கிடையாது. பேட்டரி வயரைக் கழற்றி விளக்கை அணைக்கும் கில்லாடித்தனமும் பலிக்காது. வண்டியின் சுயசோதனைப் பதிவுகளும் சேர்ந்து அழிந்து, காட்டிக் கொடுத்துவிடும்.

நம் கரிசல் பூமியில் கவனிக்க வேண்டியது புழுதி. ஏர் ஃபில்டர் அடைத்தால் காற்று குறைந்து, டீசல் வண்டி கரும்புகை கக்கும். சோதனைக்கு முன் அதை மாற்றுவது மலிவான வைத்தியம். எஞ்சின் விளக்கு விடாமல் எரிந்தால், ஸ்கேனரில் கோளாறு எண்ணைப் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓரங்கட்டுங்கள்: எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையே பொசுக்கிவிடும், அது விலை உயர்ந்த சாமான்.

பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிகளுக்குச் சான்று ஓராண்டு செல்லும். சான்றில்லாமல் ஓட்டினால், 2019 சட்டத் திருத்தப்படி அபராதம் 10,000 ரூபாய் வரை.