ஃபோர்ட் ஃபிளெக்ஸ்

ஃபோர்ட் ஃபிளெக்ஸ் என்பது அமெரிக்காவின் ஃபோர்ட் நிறுவனம் 2008 முதல் 2019 வரை கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள ஓக்வில் ஆலையில் தயாரித்த, மூன்று வரிசை இருக்கைகள் கொண்ட கிராஸ்ஓவர் வகைத் தானுந்து ஆகும். 2005இல் காட்சிக்கு வைக்கப்பட்ட ஃபேர்லேன் மாதிரி வண்டியே இதற்கு முன்னோடி.

பெட்டி போன்ற இதன் தோற்றம் பலருக்குப் பிடிக்கவில்லை. வாங்கியவர்களோ பெரும்பாலும் அதற்காகவே வாங்கினர். கதவுகளில் உள்ள கிடைமட்டப் பள்ளங்கள், மரப்பலகை பதித்த பழைய அமெரிக்க ஸ்டேஷன் வேகன்களை நினைவூட்டுபவை. கடைசி வரிசையிலும் பெரியவர்கள் வசதியாக அமரலாம் என்பது உரிமையாளர்கள் முதலில் குறிப்பிடும் சிறப்பு. தளம் தாழ்ந்திருப்பதால் முதியோர் ஏறி இறங்குவதும் எளிது. நடு இருக்கைகளுக்கு இடையே சிறு குளிர்பதனப் பெட்டி பொருத்திக்கொள்ளும் வசதியும் இருந்தது.

எரிபொருள் செலவு பொதுவான குறை. அதைவிடப் பெரிய அச்சம் 3.5 லிட்டர் வி6 எஞ்சினின் தண்ணீர் பம்பு பற்றியது. அது எஞ்சினுக்குள்ளேயே டைமிங் சங்கிலியால் இயக்கப்படுகிறது. உள்ளே கசிந்தால் குளிர்விப்பு நீர் எண்ணெயுடன் கலந்து எஞ்சினையே பழுதாக்கக்கூடும். பம்பின் விலையைவிட, அதை எட்டுவதற்காக எஞ்சினைப் பிரிக்கும் கூலியே மிகுதி. ஆகவே பழைய வண்டியை வாங்குவோர் எண்ணெய் பால் கலந்தது போல் நிறம் மாறியுள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும்.