அடம் பிடிக்கும் கைக்கடிகாரம்

அண்மையில் மாணவர் ஒருவர் ஆய்வகத்தில் தம் ஸ்மார்ட் வாட்சைக் காட்டி அலுத்துக்கொண்டார்: "மூன்று நாளாகப் புதிய மென்பொருளை ஏற்றப் பார்க்கிறேன், சார். சார்ஜ் போதாது என்கிறது. அது சரியானால் வேறொன்று சொல்கிறது. இந்தப் பிடிவாதம் எதற்கு?"

நியாயமான கேள்விதான். விடை கடிகாரத்தின் நினைவகத்தில் இருக்கிறது.

மென்பொருள் குடியிருப்பது ஃபிளாஷ் நினைவகத்தில். ஜப்பானிய அறிஞர் ஃபுஜியோ மசுவோகா தோஷிபா நிறுவனத்தில் உருவாக்கி, 1984இல் உலகுக்கு அறிவித்தது இது. இதன் கோடிக்கணக்கான சிற்றறைகளில் எலெக்ட்ரான்கள், மின்சாரம் கடத்தாத சுவர்களுக்குள் சிறைப்பட்டிருக்கின்றன. அவை இருப்பதும் இல்லாததுமே இங்கு எழுத்து. மின்கலம் தீர்ந்தாலும் எழுத்து அழியாததன் காரணம் இந்தச் சுவர்தான். அப்படியானால் எழுதுவது எப்படி? சுமார் 20 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால் எலெக்ட்ரான்கள் சுவரின் ஊடாகவே நுழைந்துவிடுகின்றன! பட்டப் படிப்பில் குவாண்டம் சுரங்க விளைவு என்று படிக்கிறீர்களே, அதுதான். கடிகார மின்கலம் தருவதோ ஏறத்தாழ 4 வோல்ட். சில்லுக்குள் இருக்கும் ஒரு சுற்று அதை உயர்த்திக் கொடுக்கிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. கரும்பலகையில் ஓர் எழுத்தை மட்டும் துடைக்கலாம். இங்கே ஒரு தொகுதி முழுவதையும் அழித்த பிறகே புதிதாக எழுத முடியும். அழித்தபின், எழுதி முடிக்குமுன், மின்சாரம் நின்றால்? பழையது போயிற்று, புதியது அரைகுறை. கடிகாரம் விழிக்காமலே போகலாம். ஆகவேதான் ஆப்பிள் வாட்ச், குறைந்தது 50 சதவீதம் சார்ஜ் கேட்பதுடன், சார்ஜரிலேயே இருக்கவும் சொல்கிறது.

அடுத்து, முத்திரை. வந்த கோப்பு தயாரிப்பாளர் அனுப்பியதுதானா, ஒரு பிட்கூட மாறாமல் வந்ததா என்று கடிகாரம் கணக்கிட்டுப் பார்க்கிறது. அரக்கு உடைந்த தபாலை வாங்க மறுப்பதுபோல, பிசகினால் மறுத்துவிடும். அப்போது பாதி வந்த கோப்பை நீக்கிவிட்டு மறுபடி இறக்குங்கள். ஆப்பிள் வாட்சானால் ஐபோனிலுள்ள வாட்ச் செயலியின் சேமிப்புப் பகுதியில் அதை நீக்கலாம்.

பல சமயங்களில் தேவைப்படுவது வெறும் பொறுமைதான். 1 கிகாபைட் என்பது 800 கோடி பிட்டுகள். ப்ளூடூத் வழியே நொடிக்கு 10 லட்சம் பிட்டுகள் போனால் 8,000 நொடிகள், அதாவது இரண்டு மணி நேரத்துக்கு மேல்! ஃபோனை வைஃபையில் இணைத்து, கடிகாரத்தின் அருகிலேயே வையுங்கள். ஃபோனின் மென்பொருள் பழையதானால் முதலில் அதைப் புதுப்பியுங்கள். இரண்டையும் ஒருமுறை அணைத்துப் போடுவதும் நல்லதே. ஆனால் நிறுவல் தொடங்குமுன் மட்டும். எதுவும் பலிக்காவிட்டால் ஃபோனுடன் உள்ள இணைப்பை நீக்கி, மீண்டும் இணைத்துப் பார்க்கலாம்.

நம் மாணவரின் கடிகாரத்தில் குறை வேறு: புதிய மென்பொருளுக்கு இடமே இல்லை, எல்லாம் பாட்டுகள்! பாதியை அழித்து, இரவு சார்ஜரில் வைத்தார். மறுநாள் புதிய மென்பொருளோடு வந்தார். அழித்த பாட்டுகளைப் பற்றித்தான் இப்போது அவருக்குக் கவலை.