வீட்டு உப்புநீர்த் தொட்டிக்கு ஏற்ற பெரிய மீன்

சென்னைக் கடற்கரையில் 1909-ம் வருஷத்தில் ஒரு மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்படும் வரையில், கடல் மீன்களை உயிருடன் காண விரும்பியவர்கள் அங்கே சென்றார்கள். இப்பொழுதோ கண்ணாடித் தொட்டியும் நீர் இறைக்கும் சிறு மின்யந்திரமும் எங்கும் கிடைப்பதால், கடலுக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரத்திலுள்ள தச்சநல்லூர் போன்ற இடங்களிலும் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய கடல் மீனை வளர்க்கலாமே என்ற ஆசை சிலருக்கு உண்டாகிறது. ஆசை குற்றமன்று. ஆனால் ஆராயாமல் மீனைத் தேர்ந்தெடுத்தால் பணம் நஷ்டமாவதுடன் மீனும் மடியும். சில சமயங்களில் வயலும் ஆறும்கூடக் கெடும். ஆகையால் இவ்விஷயத்தில் கவனிக்க வேண்டியவற்றை இங்கே விவரிக்கிறோம்.

1. தொட்டியின் அளவு

மீனை வாங்கும் முன்பு தொட்டியைத் தீர்மானிக்க வேண்டும். 6 அடி நீளமும் 2½ அடி அகலமும் 2 அடி உயரமும் உள்ள தொட்டியில் சுமார் 850 லிட்டர் நீர் பிடிக்கும். அந்நீரின் எடை மட்டும் 870 கிலோவுக்குக் குறையாது. எனவே மாடியிலும் மரப் பலகையின் மேலும் வைக்காமல், கீழ்த்தளத்தில் கெட்டியான மேடை கட்டி வைப்பதே நலம். சாதாரண வீட்டில் இதைவிடப் பெரிய தொட்டி அமைவது அரிது. இத்தொட்டியில் முழு வளர்ச்சி அடைந்த பிறகும் ஓர் அடிக்கு மேற்படாத மீனே சௌக்கியமாக வாழும். கடையில் காணும் குஞ்சின் அளவைக் கொண்டு முடிவு செய்வது, நாற்றைப் பார்த்துத் தென்னைக்கு இடம் விடுவதைப் போன்ற தவறாகும்.

2. நீர்

உப்பளத்து உப்பைக் கரைத்தால் கடல் நீராகிவிடும் என்று எண்ணக்கூடாது. கடல் நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி சாதாரண உப்பே ஆயினும், மக்னீசியமும் சுண்ணாம்புச் சத்தும் பிறவும் மீனுக்கு அவசியமாகும். உப்பளத்தில் உப்பு விளையும்போது மக்னீசியத்தின் பெரும்பகுதி எஞ்சிய கசப்பு நீரிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே இதற்கென்று விற்கப்படும் கலவை உப்பையோ சுத்தமான கடல் நீரையோ உபயோகிக்க வேண்டும். வெயில் காலத்தில் தொட்டி நீர் ஆவியாகும்பொழுது உப்பு ஆவியாவதில்லை. அதனால் குறைந்த அளவுக்கு நல்ல நீரையே ஊற்ற வேண்டுமன்றி, மறுபடியும் உப்பு நீரை ஊற்றலாகாது.

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. வயலில் இடும் அம்மோனியம் சல்பேட்டை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுவதை விவசாயிகள் அறிவார்கள். தொட்டியின் வடிகட்டியிலும் அதே வேலை நடைபெறுகிறது. ஆனால் புதிய தொட்டியில் அவ்வுயிர்கள் பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் வரை ஆகும். அதற்கு முன் பெரிய மீனை விட்டால் அதன் கழிவே அதற்கு விஷமாகும். மேலும், உப்பு நீரில் பிராணவாயு நல்ல நீரில் கரைவதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே கரையும். உஷ்ணம் ஏற ஏற அது இன்னும் குறையும். சித்திரை வெயிலில் ஓர் இரவு மின்சாரம் நின்றாலும் மீன் இறக்கக்கூடும். ஆதலால் மின்கலத்தால் இயங்கும் காற்று யந்திரம் ஒன்றைத் தயாராக வைத்திருப்பது அவசியம்.

3. விலக்க வேண்டிய மீன்கள்

கடல் விராலை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 2010-ம் வருஷத்தில் குஞ்சு பொரிக்கச் செய்தார்கள். கொடுவாயைச் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிலையத்தார் 1997-ம் வருஷத்தில் அவ்வாறு செய்தார்கள். இவ்விரண்டும் உவர்நீர்ப் பண்ணைக்கும் கடற் கூண்டுக்கும் சிறந்த மீன்கள். ஆயினும் கடல் விரால் 6 அடி வரையிலும் வளரக்கூடியது. கொடுவாய் ஒரே வருஷத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ எடை அடையும். எனவே இவை கூடத்துத் தொட்டிக்கு ஏற்றவை அல்ல.

சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சார்ந்த பகுதி 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே எதையும் பிடிக்கலாகாது. கடற்குதிரை, பெருங்கலவா, பவளப் பூச்சிகள் ஆகியவை 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் 2001-ல் சேர்க்கப்பட்டன. அலங்காரத்திற்காகப் பவளப்பாறைத் துண்டை வாங்கி வைத்தாலும் குற்றமே. கிராம நிர்வாக அதிகாரிகள் இதனைத் தங்கள் ஊராருக்கு எடுத்துரைப்பது நன்று.

4. தகுதியுள்ள மீன்கள்

சிங்க மீன்: ஓர் அடிக்குச் சற்றே மேற்படும். சாதுவாக நிற்கும், காண அழகியது. ஆனால் அதன் துடுப்பு முட்களில் விஷம் உண்டு. முள் தைத்தால், தாங்கக்கூடிய சூட்டில் சுமார் 45 டிகிரி வெந்நீரில் அவ்விடத்தை அரை மணிக்குக் குறையாமல் வைத்திருந்து, உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இது தகாது.

முள் பேத்தை: பழகிய மனிதரைக் கண்டு முகப்புக்கு வரும். ஆனால் ஓர் அடியைத் தாண்டி வளரக்கூடும். பற்கள் ஓயாமல் வளர்வதால் ஓடுள்ள இரையே கொடுக்க வேண்டும். பேத்தை இனத்தின் உடலில் கொடிய விஷம் இருப்பதால் இறந்த மீனை நாய் பூனைக்குப் போடாமல் புதைத்துவிட வேண்டும்.

சிறு அஞ்சாலை: புள்ளிகள் உடைய சிறு வகை இரண்டு அடிக்கு மேல் வளருமாயினும், பொந்தில் சுருண்டு கிடப்பதால் குறைந்த இடமே போதும். மூடியில் சிறு சந்து இருந்தாலும் வெளியேறித் தரையில் விழுந்து மடியும்.

கிளாத்தி: இவ்வினத்துள் ஓர் அடிக்கு உட்பட்ட வர்ணக் கிளாத்தி, நீரில் ஏற்படும் சிறு குறைகளைப் பொறுக்கும். இறால், சிப்பி, உருண்டைத் தீனி யாவற்றையும் தின்னும். முதுகு முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொண்டு பாறைச் சந்தில் உறங்கும் வழக்கமுடையது. குணம் முரடு. கூட உள்ள மீனைக் கடிக்கும். ஆகவே தனியே வைக்க வேண்டும்.

இவற்றுள் முதன்முறையாக வளர்ப்பவருக்குத் தனிக் கிளாத்தி ஒன்றே ஏற்றது என்பது நமது அபிப்பிராயம்.

5. கழிவு நீரும் வேண்டாத மீனும்

விவசாயிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதுவே. மேலே கூறிய தொட்டியில் 30 கிலோ உப்பு கரைந்துள்ளது. மாதம் ஒரு முறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால், வருஷத்தில் சுமார் 70 கிலோ உப்பு வெளியேறும். நெற்பயிர் உப்பைத் தாங்கும் சக்தி குறைந்தது. ஆகையால் அந்நீரை வயலிலோ வாய்க்காலிலோ கிணற்றடியிலோ தென்னையடியிலோ ஊற்றவே கூடாது. ஆழமற்ற சிமெண்டுத் தொட்டியில் விட்டு, வெயிலில் வற்றவைத்து, எஞ்சிய உப்பை வாரி எடுத்து அப்புறப்படுத்துவது எளிய வழியாகும்.

மீன் வேண்டாமற்போனால் விற்றவரிடமே திருப்பித் தர வேண்டும். தாமிரபரணியில் விட்டால் அது நல்ல நீரில் வேதனைப்பட்டு மடியும். கடலில் விட்டாலும் தீங்கு உண்டாகலாம். அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் 1985-ம் வருஷத்தில் முதன்முதலாகக் காணப்பட்ட சிங்க மீன், வளர்ப்போர் விட்டதால் வந்ததென்று கருதப்படுகிறது. இன்று அது அப்பக்கத்துக் கடலெங்கும் பரவி, அங்குள்ள சிறு மீன்களை அழித்து வருகிறது.

தொட்டிக்கும் தினசரிக் கவனிப்புக்கும் வசதி இல்லாதவர்கள் இம்முயற்சியில் இறங்காதிருப்பதே மேல். வசதி உள்ளவர்கள் தொட்டியை முதலிலும், நீரை இரண்டாவதாகவும், மீனைக் கடைசியிலும் தேடுவார்களாக.