பூட்டியார் பிறந்த ஊர்

கனடாவில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவரின் மகள், தன் குடும்ப வமிசாவளியை இணையத்தில் தொகுத்து நமக்கு அனுப்பியிருந்தாள். அதைக் கண்டு நாம் திகைத்தோம். நெடுந்தீவிற் பிறந்த அவள் பூட்டியார், ஒல்லாந்து தேசத்திற் பிறந்தவராகக் காணப்பட்டார்!

இப்பிழை எவ்வாறு நேர்ந்தது? 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நம் தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. வேலணைத்தீவு லைடன் ஆயிற்று. காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. டெல்வ்ற் என்னும் பெயர் ஆங்கிலத்தில் இன்றும் வழங்குகின்றது. பழைய பத்திரத்தில் அதனைக் கண்டு பதிந்தபோது, கணினி ஒல்லாந்து நகரையே காட்டிவிட்டது.

காரைதீவினர்க்கு வேறோர் இடருமுண்டு. கிழக்கிலும் ஒரு காரைதீவு உளது. யாழ்ப்பாணத்துக் காரைதீவு பின்னர் காரைநகர் எனப் பெயர் பெற்றது. கிழக்கிலுள்ளதோ, 1961 இல் அம்பாறை மாவட்டம் அமையும்வரை மட்டக்களப்பைச் சேர்ந்திருந்தது. ஆகவே, ஊர்ப்பெயரோடு பதிவின் ஆண்டையும் மாவட்டத்தையும் நோக்குதல் வேண்டும்.

திருத்துவோர் பழைய பெயரை அழித்துவிடலாகாது. பத்திரத்தில் உள்ளவாறே அதனை எழுதி, அருகே இன்றைய பெயரையும் மாவட்டத்தையும் குறித்தல் நன்று.

மாணவர்களே! காணி உறுதிகளைப் பாருங்கள். பாட்டியாரிடம் ஊரையும் குறிச்சியையும் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். நாளைக்குக் கேட்க அவர் இருப்பாரோ, யாரறிவார்?

அப்பெண் பிழையைத் திருத்திவிட்டாள். பூட்டியாரும் நெடுந்தீவுக்கு மீண்டுவிட்டார்.