சொந்த மின்னஞ்சல் வழங்கியில் தொடர்புச் சிக்கல்கள்

சொந்த மின்னஞ்சல் வழங்கி என்பது ஒரு நிறுவனம் தன் ஆள்களப் பெயருக்கு வரும் அஞ்சலைப் பெறவும், தன் அஞ்சலை அனுப்பவும் தானே அமைத்து நடத்தும் கணினியாகும். ஜிமெயில், சோஹோ போன்ற சேவைகளைச் சாராமல், லினக்சு இயங்குதளத்தில் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் போன்ற கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டு இது பெரும்பாலும் அமைக்கப்படுகிறது. செலவு குறைவு, தரவு தன் கையில் இருக்கும் என்பவை இதன் நன்மைகள். பழுது ஏற்பட்டால் அதைக் கண்டறியும் பொறுப்பும் நடத்துபவரையே சேரும்.

வடசென்னையின் எண்ணூர் போன்ற பகுதியில் இந்தப் பொறுப்பின் எடை எளிதில் விளங்கும். எண்ணூரில் காமராசர் துறைமுகமும் அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி துறைமுகமும் உள்ளன. கப்பல் முகவர்கள், சுங்கத் தரகர்கள், சரக்குப் பெட்டக நிலையங்கள் ஆகியோரின் அன்றாட வேலையில் மின்னஞ்சலுக்கு முக்கிய இடம் உண்டு. டெலிவரி ஆர்டர் தொடர்பான ஓர் அஞ்சல் வழியில் நின்றால் பெட்டகமும் நிற்கக்கூடும். நாள்கணக்கில் தாமதக் கட்டணம் ஏறும். ஆகவே பழுது பார்ப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "அஞ்சல் எந்த இடத்தில் நின்றது?" என்பதே.

அஞ்சல் செல்லும் வழி

ஓர் அஞ்சல் நான்கு கட்டங்களைக் கடக்கிறது.

1. அனுப்புநரின் கணினியிலிருந்து அவருடைய வழங்கிக்குச் செல்லுதல். இதற்குப் போர்ட் 587 அல்லது 465 பயன்படுகிறது. போர்ட் என்பது ஒரே கணினியில் வெவ்வேறு சேவைகளுக்கு உரிய வாசல் எண்.
2. பெறுநரின் வழங்கி எது என்பதை டிஎன்எஸ் அமைப்பில் உள்ள எம்எக்ஸ் பதிவின் மூலம் அறிதல்.
3. அந்த வழங்கியின் போர்ட் 25ஐத் தொடர்புகொண்டு, எஸ்எம்டிபி நெறிமுறைப்படி அஞ்சலை ஒப்படைத்தல்.
4. பெறுநர் தம் பெட்டியிலிருந்து ஐமேப் நெறிமுறை வழியாக, பொதுவாகப் போர்ட் 993இல், அஞ்சலைப் படித்தல்.

"மெயில் போகவில்லை" என்ற ஒரே புகார் இந்த நான்கில் எதையும் குறிக்கலாம். அலுவலகத்துக்குள் அஞ்சல் போய்ச் சேர்ந்து, வெளியே மட்டும் போகவில்லை என்றால் பழுது இரண்டாம் அல்லது மூன்றாம் கட்டத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். அஞ்சல் வந்துசேர்ந்தும் கைப்பேசியில் தெரியவில்லை என்றால் நான்காம் கட்டத்தைப் பார்க்க வேண்டும்.

எண்கள் சொல்லும் செய்தி

எஸ்எம்டிபி நெறிமுறை 1982இல் வரையறுக்கப்பட்டது. இதில் ஒவ்வொரு பதிலும் மூன்று இலக்க எண்ணுடன் தொடங்குகிறது. 2இல் தொடங்கினால் ஏற்கப்பட்டது. 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை, பிறகு முயலலாம். 5இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு. இந்தப் பதில்கள் வழங்கியின் பதிவுக் கோப்பில் எழுதப்படுகின்றன.

450, 451 போன்ற பதில்கள் பல நேரங்களில் பழுதே அல்ல. அறிமுகமில்லாத வழங்கியைச் சற்றுக் காத்திருக்கச் செய்யும் எரிதத் தடுப்பு முறையாகவும் அவை இருக்கலாம். சில நிமிடங்கள் கழித்து அஞ்சல் தானே போய்ச் சேரும். 452 பெரும்பாலும் வட்டில் இடமில்லை என்பதைக் காட்டும். 552 அளவு மீறலைக் குறிக்கும். போஸ்ட்ஃபிக்சின் இயல்பான அஞ்சல் அளவு வரம்பு 1,02,40,000 பைட்டுகள். இணைப்புக் கோப்பு குறியாக்கம் செய்யப்படும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருப்பதால், வருடி எடுத்த 8 எம்பி ஆவணமே இந்த வரம்பைத் தாண்டிவிடும்.

ரிலே மறுக்கப்பட்டது என்ற 554 பதிலைக் கையாளும்போது தனிக் கவனம் தேவை. அனுப்புநர் கடவுச்சொல் கொடுத்து உள்நுழையவில்லை என்பதே பெரும்பாலும் இதன் காரணம். அவசரத்தில் எல்லோருக்கும் ரிலேயைத் திறந்துவிட்டால் பிழைச்செய்தி மறையும். ஆனால் எரிதம் அனுப்புவோர் அந்த வழங்கியைக் கண்டுபிடித்துப் பயன்படுத்துவர். அதன் ஐபி முகவரி தடைப்பட்டியல்களில் ஏறி, நிறுவனத்தின் உண்மையான அஞ்சல்களும் மறுக்கப்படும்.

பதிலே வராதபோது

எண் எதுவும் வராமல் இணைப்பு காலாவதியானால், பழுது அஞ்சல் மென்பொருளுக்குக் கீழே, வலையமைப்பில் இருக்கலாம். பல இணைய வழங்குநர்கள் வீட்டு இணைப்புகளில் வெளிச்செல்லும் போர்ட் 25ஐத் தடுத்து வைக்கின்றனர். வழங்கியிலிருந்து டெல்நெட் கட்டளை மூலம் வெளி வழங்கி ஒன்றின் போர்ட் 25ஐத் தொடர்புகொண்டு பார்த்தால் இது தெரிந்துவிடும். இத்தகைய இணைப்பில் நிலையான ஐபி முகவரி பெற வேண்டும். அல்லது வேறொரு அஞ்சல் சேவை வழியாக அனுப்ப வேண்டும்.

சிறிய அஞ்சல்கள் சென்று, பெரியவை மட்டும் பாதியில் தொங்கினால், வலையமைப்பில் அனுமதிக்கப்படும் பொட்டல அளவைச் சோதிக்க வேண்டும்.

ஏற்கப்பட்டும் சேராத அஞ்சல்

பதிவுக் கோப்பில் 250 என்ற ஏற்புப் பதில் இருந்தும் பெறுநர் அஞ்சலைக் காணாதிருக்கலாம். அது எரிதப் பெட்டிக்குள் போயிருக்கும். இதைத் தவிர்க்க நான்கு பதிவுகள் சரியாக இருக்க வேண்டும். பிடிஆர் பதிவு ஐபி முகவரிக்கு உரிய பெயரைச் சொல்கிறது; இதை இணைய வழங்குநரே அமைத்துத் தர முடியும். எஸ்பிஎஃப் எந்த வழங்கிகள் அனுப்பலாம் என்று அறிவிக்கிறது. டிகேஐஎம் அஞ்சலில் இலக்கக் கையொப்பம் இடுகிறது. இவை பொருந்தாத அஞ்சலை என்ன செய்வது என்பதை டிமார்க் சொல்கிறது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இவ்விதிகளைக் கடுமையாக்கியுள்ளது. நிறுவனத்தின் பில்லிங் மென்பொருள் வேறொரு வழங்கி வழியாக அஞ்சல் அனுப்பினால், அந்த வழங்கியையும் எஸ்பிஎஃப் பதிவில் சேர்க்க வேண்டும்.

தமிழ் முகவரிகள்

.இந்தியா என்ற தமிழ் ஆள்களப் பெயர் நடைமுறையில் உள்ளது. ஆள்களப் பகுதியை ஆங்கில எழுத்து வடிவுக்கு மாற்றி அனுப்ப இயலும். முகவரியின் முன்பகுதியும் தமிழில் இருந்தால் அது இயலாது. அதற்கு 2012இல் வரையறுக்கப்பட்ட எஸ்எம்டிபியூடிஎஃப்8 நீட்சியை இரு வழங்கிகளும் ஏற்க வேண்டும். பெறும் வழங்கி ஏற்காவிட்டால் அஞ்சல் திரும்பிவிடும்.

மின்தடையும் காத்திருப்பு வரிசையும்

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையால் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் தடைபட்டன. இத்தகைய நாள்களில் அலுவலக வழங்கி அணைந்துபோனாலும், வரவேண்டிய அஞ்சல்கள் உடனே அழிவதில்லை. அனுப்பும் வழங்கி அவற்றை வரிசையில் வைத்து மீண்டும் மீண்டும் முயல்கிறது. குறைந்தது 4 முதல் 5 நாள் முயல வேண்டும் என்று நெறிமுறை பரிந்துரைக்கிறது; போஸ்ட்ஃபிக்சின் இயல்பான கால அளவு 5 நாள்.

தேக்கி வைத்து அனுப்பும் இந்த முறை பழையது. 1986இல் தொடங்கிய எர்நெட் கல்வி வலையமைப்பில் சென்னை ஐஐடியும் பங்கேற்றது. அதன் தொடக்க ஆண்டுகளில் அஞ்சல்கள் ஓரிடத்தில் தேங்கி, தொலைபேசி இணைப்பு கிடைத்தபோது அடுத்த இடத்துக்குச் சென்றன.

சரிபார்க்கும் வரிசை

- பதிவுக் கோப்பில் அந்த ஓர் அஞ்சலின் தடத்தைத் தேடிப் பதில் எண்ணைக் குறித்துக்கொள்ளுதல்.
- எண் இல்லையெனில் மின்சாரம், இணைய இணைப்பு, டிஎன்எஸ், போர்ட் என்ற வரிசையில் சோதித்தல்.
- வட்டின் காலியிடத்தையும் பாதுகாப்புச் சான்றிதழின் காலாவதி நாளையும் பார்த்தல். சான்றிதழைப் புதுப்பித்த பின் அஞ்சல் மென்பொருளை மறுபடி ஏற்றாவிட்டால் பழைய சான்றிதழே வழங்கப்படும்.
- ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றிச் சோதித்து, மாற்றத்தை எழுதி வைத்தல்.
- காரணம் தெரியும்வரை காத்திருப்பு வரிசையை அழிக்காதிருத்தல். இன்னும் சேராத அஞ்சல்கள் அங்கேதான் உள்ளன.