மென்பொருளின் விலையும் பராமரிப்புக் கட்டணமும்

தச்சர் ஒருவர் நாற்காலி ஒன்றைச் செய்து விற்றுவிட்டால், அத்துடன் அவருடைய பொறுப்புப் பெரும்பாலும் முடிவடைந்துவிடுகிறது. கணிப்பொறிக்குரிய மென்பொருளை இயற்றுபவரின் நிலை அத்தகையதன்று. விற்பனை நிகழும் நாளிலேதான் அவருடைய பொறுப்புத் தொடங்குகிறது. எனவே, அவர் ஒரு விலையையன்று, இரண்டு விலைகளை நிருணயிக்க வேண்டியவராகிறார்.

பெங்களூரின் பழைய கண்டோன்மெண்ட் பகுதியைச் சேர்ந்த ரிச்சர்ட்ஸ் டவுனில், ஒருவர் தம் இல்லத்தில் இருந்தவாறே மருந்துக் கடைகளுக்கான செயலி ஒன்றை இயற்றியிருப்பதாகக் கொள்ளலாம். கடையின் இருப்பு, மருந்துகளின் காலாவதித் தேதி, விற்பனைப் பட்டியல் ஆகியவற்றை அது கவனித்துக்கொள்கிறது. இதற்கு அவர் என்ன விலை கூறுவது?

உரிமம் என்பது யாது?

மென்பொருளுக்குத் தனி விலை என்னும் வழக்கம் மிகப் பழையதன்று. கணிப்பொறியை வாடகைக்கு எடுத்தோருக்கு மென்பொருளும் அத்துடன் சேர்த்தே வழங்கப்பட்டு வந்தது. 1969 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் இவ்விரண்டையும் பிரித்து, மென்பொருள்களுக்குத் தனிக் கட்டணம் விதிக்கப்போவதாக அறிவித்தது. மென்பொருள் ஒரு தனி வர்த்தகப் பொருளாக வளர்வதற்கு அது பெரிதும் துணை செய்தது.

இந்தியாவில், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 1984-இல் திருத்தப்பட்டபோது, கணிப்பொறிச் செய்நிரல்களும் இலக்கியப் படைப்புகள் என்னும் வகையில் சேர்க்கப்பட்டன. ஆகவே மென்பொருளை வாங்குபவர் பெறுவது அதன் பதிப்புரிமையை அன்று. அதனை உபயோகிக்கும் அனுமதியையே. பெங்களூர் நிறுவனம் ஒன்று முதன்மை வாதியாயிருந்த வழக்குத் தொகுதியில், 2021 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இவ்வேறுபாட்டையே அடிப்படையாகக் கொண்டது.

விலையைக் கணக்கிடும் முறை

மென்பொருளை ஒருமுறை இயற்றியபின், அதற்கு நகல் எடுக்க ஆகும் செலவு மிக அற்பம். ஆதலால் நகலின் செலவைக்கொண்டு விலை காண இயலாது. இயற்றுவதற்கு ஆன உழைப்பைக்கொண்டே காண வேண்டும்.

மேற்கூறிய செயலியை இயற்றப் பன்னிரண்டு மாதங்கள் ஆயின என்றும், மாதத்திற்கு ரூ. 50,000 செலவு என்றும் கொண்டால், மொத்தம் ரூ. 6,00,000 ஆகும். முதலாண்டில் 60 கடைகள் வாங்குமாயின், கடைக்கு ரூ. 10,000 என்பது அடக்க விலை. இதற்குக் கீழே விலை இறங்கலாகாது. மேல் எல்லையை வகுப்பது கடைக்காரர் அடையும் பயனாகும். காலாவதி மருந்தால் நேரும் நஷ்டத்திலும் கணக்கெழுதும் நேரத்திலும் அவருக்கு ஆண்டுக்கு ரூ. 24,000 மிச்சமாகுமாயின், அதற்கு மேற்பட்ட விலையை அவர் விரும்பார். இவ்விரு எல்லைகளுக்கும் இடையே ரூ. 15,000 என்பது பொருந்திய விலை எனலாம்.

பராமரிப்பு ஏன்?

பராமரிப்பு என்றால் பிழை திருத்துதல் மட்டுமே என்று பலர் கருதுகின்றனர். லியென்ட்ஸ், ஸ்வான்சன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 487 நிறுவனங்களை விசாரித்து 1980-இல் வெளியிட்ட ஆய்வு வேறுவிதமாகக் காட்டிற்று. பராமரிப்பு உழைப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே பிழை திருத்தத்திற்குச் சென்றது. எஞ்சியதில் பெரும் பகுதி உபயோகிப்போர் வேண்டிய அபிவிருத்திகளுக்கும், சூழ்நிலை மாறுதலுக்கு ஏற்பத் திருத்தி அமைப்பதற்கும் செலவாயிற்று.

2017 ஜூலை 1-ஆம் தேதி சரக்கு-சேவை வரி அமலுக்கு வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளின் மீதான வரி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. அன்று காலை மருந்துக் கடையைத் திறந்தவருக்குப் புதிய வரியின்படி பட்டியல் தேவைப்பட்டது. செயலியில் பிழை ஏதும் இல்லாதிருந்தும், திருத்தம் செய்யாவிடில் ஒவ்வொரு பட்டியலும் பிழையாகிவிடும்.

இவ்வேலைக்காக மூன்று மாத உழைப்பும் இதரச் செலவும் சேர்ந்து ஆண்டுக்கு ரூ. 1,80,000 தேவை எனக் கொண்டால், 60 கடைகளில் ஒவ்வொன்றும் ரூ. 3,000 செலுத்த வேண்டும். இது உரிம விலையில் 20 சதவிகிதமாகும். வழக்கில் உள்ள விகிதமும் ஏறக்குறைய இதுவே. 1986-இல் தோன்றி, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட டாலி நிறுவனத்தின் கணக்கு மென்பொருள் இதற்கு உதாரணம். 2020-இல் வெளியான டாலி பிரைமில், ஒருவர் உபயோகிக்கும் நிரந்தர உரிமம் வரி நீங்கலாக ரூ. 18,000, ஆண்டுச் சேவைக் கட்டணம் ரூ. 3,600. பின்னர் இவை ரூ. 22,500, ரூ. 4,500 என உயர்ந்தபோதும் விகிதம் மாறவில்லை.

தவிர்க்க வேண்டிய தவறுகள்

விகிதத்தை மட்டும் நம்பிவிடுதல் அபாயமாகும். 60 கடைகளில் 30 மட்டுமே ஆண்டுக் கட்டணத்தைப் புதுப்பித்தால் வரவு ரூ. 90,000 ஆகக் குறையும். வேலையோ பாதியாகக் குறைவதில்லை. வரி மாறினால் முப்பது கடைகளுக்கும் அறுபது கடைகளுக்கும் தேவைப்படும் திருத்தம் ஒன்றே.

இரண்டாவது, தள்ளுபடி. கடை ஒன்றைக் கவருவதற்காக உரிமத்தைப் பாதி விலைக்குக் கொடுத்து, பராமரிப்பையும் அப்பாதி விலையின்மீதே கணக்கிட்டால், ரூ. 1,500 மட்டுமே கிடைக்கும். ஒரு நாள் அளித்த சலுகை ஆண்டுதோறும் நஷ்டமாகத் தொடரும். பராமரிப்புக் கட்டணத்தை முழு விலையின்மீதே கணக்கிடுதல் நன்று.

மூன்றாவது, எல்லையற்ற வாக்குறுதி. எவ்வேலைகள் கட்டணத்தில் அடங்கும், எவை தனிக் கட்டணத்திற்கு உரியவை, முதலாண்டுப் பராமரிப்பு விலையில் சேர்ந்ததா என்பனவற்றை உடன்படிக்கையில் எழுதுதல் அவசியம்.

வாங்குவோரும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இயற்றியவர் தொழிலைக் கைவிட நேர்ந்தால், மூல நிரல் தமக்குக் கிடைக்க வழியுண்டா என்று கேட்டறிய வேண்டும். நடுநிலையான மூன்றாமவரிடம் அதனை ஒப்படைத்து வைக்கும் ஏற்பாடு பல நாடுகளில் உண்டு.

பராமரிப்பை இலவசமாக அளிப்பவர் தாராள மனமுடையவராகத் தோன்றலாம். ஆனால் சில ஆண்டுகளில் அவர் வேறு வேலை தேடிச் செல்லும்போது, அறுபது கடைகளின் கணக்கும் ஆதரவின்றி நின்றுவிடும். நியாயமான ஆண்டுக் கட்டணம் இயற்றியவருக்கு வருவாய்; கடைக்காரருக்கோ அது ஒரு காப்பு.